மழை கறுத்து நிக்குது, பார்க்கலையா?

கேள்வி: வானிலை முன்கணிப்பு வேலையில் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. சின்ன வயதில் மாடியில் மல்லாந்து படுத்து மேகம் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தக் கிறுக்கில்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். இப்போது வானத்தைப் பார்த்தால் ஈரப்பதம், அழுத்தம், சதவிகிதம் என்று எண்கள்தான் ஓடுகின்றன. போன வாரம் மனைவி அந்தி வானத்தைக் காட்டி "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்றாள். "காத்துல தூசி ஜாஸ்தி, அதான் செவப்பு" என்றேன். "உங்ககூட வானம் பார்க்கவே பிடிக்கல" என்று உள்ளே போய்விட்டாள். விஷயம் தெரிந்துகொண்டதால்தான் ரசனை செத்துப்போனதா மேடம்? வேறு வேலை தேடிக்கொள்வது நல்லதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். மனைவியிடம் நீங்கள் சொன்னதில் ரசனை இல்லை என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அது தப்பான பதிலும்கூட. தரைக்குப் பக்கத்தில் தூசியும் புகையும் மண்டிக் கிடந்தால் அந்தி மங்கி, பழுப்படித்துத்தான் போகும். பளிச்சென்ற சிவப்பு அதிகமும் காற்று சுத்தமாக இருக்கும் நாட்களில்தான் வரும், முக்கியமாக மழை கழுவிவிட்டுப் போன மறுநாள். சூரியன் உச்சியில் இருக்கும்போது கடக்கிற காற்றைப் போல கிட்டத்தட்ட 38 மடங்கு காற்றை, அடிவானத்திலிருந்து வரும் வெளிச்சம் கடந்து வரவேண்டியிருக்கிறது. வருகிற வழியிலேயே காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிதறடித்துவிடுகின்றன, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அப்படிச் சிதறிய நீலம் எங்கே போனது என்கிறீர்கள்? மேற்கே இன்னும் பொழுது சாயாத ஊர்க்காரர்களின் நீலவானத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது. அவர்கள் போக மீதி நமக்கு. இதைச் சொல்லியிருந்தால் மனைவி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்.

அதனால் 'தெரிந்துகொண்டதால் ரசனை செத்தது' என்பதை நான் நம்பவில்லை. உங்கள் விஷயத்தில் நடந்தது வேறு என்று நினைக்கிறேன். நீங்கள் வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பற்றிய படங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கும் இது நடந்தது, கொஞ்சம் மானம் போகிற விதத்தில்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். நாங்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது (வானிலை பார்க்கிற அறைக்கு ஜன்னல் வைக்காமல் கட்டிய புண்ணியவான் யாரோ). மதியம் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த மாடல் கணக்கை வைத்து 'மாலை வறண்ட வானிலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து மணி நேரம் திரைக்கு முன்னால் இருந்து எழுந்து வெளியே வருகிறேன். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, மழை கறுத்து நிக்குது, பார்க்கலையா? குடை இல்லாம போறியே" என்றார். மேற்கே பார்த்தால் இடிமேகம். குமுலோநிம்பஸ். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்து, அதற்கு மேலே போக வழியில்லாமல் உச்சி பரந்து, கொல்லன் பட்டறைக் கல் மாதிரி தட்டையாக நிற்கிறது. அடியில் மழைக்கால் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது வளர்ந்த நேரத்தில் ஒருமுறை கதவைத் திறந்திருந்தால் போதும். நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன், குடையும் இல்லை, முகமும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், இருபது வருடத்துக்கும் மேலாக விட்டதில்லை. ஷிஃப்டுக்குப் போனதும் முதலில் திரையைத் தொடமாட்டேன். வெளியே போய் ஐந்து நிமிடம் நிற்பேன். வானத்தை எட்டுப் பங்காக வைத்து எத்தனை பங்கு மேகம் என்று பார்ப்பது உங்களுக்கும் தெரிந்த பாடம்தானே, அதைக் கண்ணாலேயே செய்வேன். கீழே ஓடுகிற மேகம் ஒரு திசையிலும் மேலே இருக்கிற கீற்று மேகம் வேறொரு திசையிலும் போகிறதா, காற்று கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது, நேற்று இதே நேரத்துக்கு இருந்த வெளிச்சத்துக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம். அப்புறம் ஒரு ஊகம், 'மூணு மணிக்கு மேல தூறும்' என்கிற மாதிரி ஒரே ஒரு வரி, நோட்டில் பேனாவால். அதற்குப் பிறகுதான் மாடல், ராடார், செயற்கைக்கோள் படம் எல்லாம். பெரும்பாலான நாட்களில் மாடல்தான் ஜெயிக்கும், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் ஊகம் எழுதிய மேகம் அன்றைக்கு முழுக்க என்னுடைய மேகம். அது என்ன ஆனது என்று பார்க்க மதியம் கால் தானாக வாசலுக்குப் போகும். சில நாள் வானம் சாம்பல் பூசினாற்போல ஒரே சீராக இருக்கும், எழுத ஒன்றும் இருக்காது. அன்றைக்கு 'ஒன்றுமில்லை' என்று எழுதுங்கள், பரவாயில்லை.

தப்பாகப் போகுமே என்று பயப்படாதீர்கள். ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் பெயர் பாடத்தில் வந்திருக்கும். ஏற்கனவே கடந்துபோன 1910 மே 20-ம் தேதியை எடுத்துக்கொண்டு, அன்று மத்திய ஐரோப்பாவில் 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார் அந்த மனிதர், அதுவும் முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில். விடை, 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. இன்னொருவராக இருந்தால் காகிதத்தைக் கிழித்திருப்பார். இவர் 1922-ல் அந்தத் தப்பை அப்படியே புத்தகத்தில் அச்சுப்போட்டார். இன்று நீங்கள் திரையில் பார்க்கிற மாடல்கள் அவர் காட்டிய வழியில்தான் கணக்குப் போடுகின்றன. மேகங்களுக்கு நாம் சொல்லும் சிரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ் பெயர்களும் 1802-ல் லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்துகொண்டிருந்த லூக் ஹோவர்ட் வைத்தவை. அவருக்கு வானம் சம்பளம் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

பருவத்தையும் நாம் வரைபடத்தில்தான் பார்க்கிறோம். வீட்டில் கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள், எதிர்வீட்டுக் கம்பமோ மரமோ ஏதாவது ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் உதிக்கும் இடம் நாளுக்கு நாள் நகர்வது கண்ணுக்கே தெரியும். ஜூன், டிசம்பர் கடைசி வாரங்களில் யோசித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றுவிட்டு, பிறகு வந்த வழியே திரும்பும். பூமி 23.4 டிகிரி சாய்ந்திருப்பதை நீங்கள் நூறு தடவை எழுதியிருப்பீர்கள், அந்தச் சாய்வு உங்கள் ஜன்னலில் நடந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு, ஜூலையில் இருப்பதைவிட 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது, வடபாதி உலகம் அப்போதுதான் குளிரில் நடுங்குகிறது. எனக்கு இதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும்.

நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டுகிற ராத்திரி வந்தால் தூங்கப் போகாதீர்கள். கையை நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவின் மேல் வையுங்கள். சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய அந்த வட்டத்தில் போய் நிற்கும். நிலாவிலிருந்து வட்டம் வரை கோணம் 22 டிகிரி. கீழே நமக்கு வியர்த்துக் கொட்டுகிற ராத்திரியிலும் பல கிலோமீட்டர் உயரத்தில் ஆறு பக்கப் பனிப்படிகங்கள் மிதந்துகொண்டு செய்கிற வேலை அது. 'அகல்வட்டம் பகல்மழை' என்று நம் ஆட்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது, மழை கொண்டுவரும் அமைப்புக்கு முன்னால் அந்த மெல்லிய பனிமேகம் விரித்துக்கொண்டு வருவது உண்டு. எப்போதும் பலிக்காது. நாம் மட்டும் என்ன எப்போதும் பலிக்கிறோமா?

வேலையை மாற்றுவதா என்று கேட்டீர்கள். இரவு ஷிஃப்ட் மாறி மாறி வந்து தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள் என்றால் அது வேறு பிரச்சினை, அதை மேலதிகாரியிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், பாவம், பழியை வானத்தின் மேல் போடாதீர்கள். அது இல்லையென்றால் ஆறு மாதம் நோட்டு எழுதிப் பார்த்துவிட்டு மறுபடி கடிதம் போடுங்கள். உங்கள் மையத்தில் வானிலை அளக்கும் பலூன் விடுகிறார்கள் என்றால் ஒருநாள் போய் நீங்களே விடுங்கள். கையை விட்டதும் அது வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டு போகும், சின்னப் புள்ளியாகும் வரை கழுத்து வலிக்கப் பார்க்கலாம். அதே நேரத்துக்கு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் யாரோ ஒருவர் இதேபோல அண்ணாந்து நிற்பார்.

மனைவி விஷயம். மேகம் இல்லாத ஒரு சாயங்காலம் பார்த்து அவரைக் கூப்பிடுங்கள். சூரியன் மறைந்ததும் எல்லோரும் மேற்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் இருவரும் கிழக்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்தை ஒட்டி சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை எழும்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு. நிமிடத்துக்கு நிமிடம் நீலம் உயர, சிவப்பு கரைந்துகொண்டே போகும். அந்த நீலம் பூமியின் நிழல். நீங்கள் நிற்கிற இதே பூமியின் நிழல் காற்றின் மேல் விழுந்து ஏறிவருகிறது. அவராக "அது என்னங்க?" என்று கேட்கிற வரைக்கும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.