கடிதம்: யூஸ்நெட்டும் மறதியும்

வணக்கம்.

சர்வர்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிச் செய்திகளைப் பரப்பிய விவாத வலையான யூஸ்நெட்டின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். ஒரே செய்தி ஒரு சர்வருக்குப் போகாமலும் இன்னொன்றுக்கு மூன்று தடவை போயும் படுத்தியிருக்கிறது. லைன் வேகத்தைக் கூட்டியிருந்தால் தீர்ந்திருக்காதா? ஒரே மைய சர்வர் வைத்திருக்கலாமே? செய்திகளைச் சுருக்கி அனுப்பியது எவ்வளவு உதவியது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க இன்னும் ஆள் இருக்கிறது என்பதே சந்தோஷம். சுருக்கியதால் டெலிபோன் பில் குறைந்தது, அவ்வளவுதான். மைய சர்வர் என்கிறீர்கள். 1979-ல் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்கள் யூஸ்நெட்டை யோசித்தபோது, ஒரு கணினி இன்னொன்றை போனில் கூப்பிட்டு யுயுசிபி என்ற மென்பொருள் வழியாகக் கோப்பைக் கொடுப்பதுதான் கையில் இருந்த வழி.

ஆனால் லைன் வேகம்! எல்லோரும் சொல்வதை நீங்களும் சொல்லலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1986-ல் வந்த, சர்வர்கள் செய்தி பரிமாறும் நெறிமுறையான என்என்டிபி-யில் ‘ஐஹேவ்’ (என்னிடம் இருக்கிறது) என்று செய்தியின் ஐடியை, அதாவது அதன் தனி அடையாளத்தைச் சொல்லிவிட்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். போய்வர 0.3 நொடி என்றால் ஒரு செய்திக்கு 0.6 நொடி. நாளுக்கு 1,44,000-க்கு மேல் போகாது, லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும். பிறகு வந்த ‘செக்’, ‘டேக்திஸ்’ கட்டளைகள் பதிலுக்கு நிற்காமல் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனதால்தான் வேகம் பிடித்தது.

விட்டுப்போவதற்கு மருந்து இரண்டு பக்கத்து சர்வர்களிடமிருந்து ஃபீட், அதாவது செய்தி வரத்து, வாங்குவது. ஒன்று படுத்தால் மற்றது கொடுக்கும். வாங்கினால் இரட்டிப்பு வரும். அதைத் தடுப்பது சர்வரின் ஞாபகசக்தி. இதைத்தான் யாரும் மதிப்பதில்லை, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

செய்தியின் ‘பாத்’ வரியில் ஒவ்வொரு சர்வரும் தன் பெயரை முன்னால் சேர்த்து ஆச்சரியக்குறி போடும். அடுத்த சர்வரின் பெயர் அதில் ஏற்கெனவே இருந்தால் அனுப்பாது. ஆனால் வேறு வழியாக வந்துவிட்ட பிரதியை இது பிடிக்காது. அதைப் பிடிப்பது, வந்த மெசேஜ்-ஐடிகளை எல்லாம் குறித்துவைக்கும் ஹிஸ்டரி கோப்பு. இடம் போதாமல் செய்தியை 3 நாளில் அழித்துவிடலாம், தப்பில்லை. ஐடியையும் சேர்த்து அழித்தால் தொலைந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்த பக்கத்து சர்வர் எழுந்து பழைய வரிசையை நீட்டும். மறந்துபோன நம் சர்வர் அதைப் புதுசு என்று வாங்கி, தன்னைப் போலவே மறந்துபோன எல்லோருக்கும் பரப்பும். அதனால்தான் ஐஎன்என் என்ற யூஸ்நெட் சர்வர் மென்பொருளில் இரண்டு எண்கள்: 10 நாளுக்கு மேல் பழையதை வாங்காதே, ஐடியை 11 நாள் மறக்காதே. இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைந்தால் பழைய செய்திகள் அலை அலையாகத் திரும்பும்.

இதையும் தாண்டி ஒரு அநியாயம் உண்டு. மின்னஞ்சலை யூஸ்நெட்டுக்கு மாற்றும் கேட்வேக்கள் சில, அஞ்சலில் இருந்த ஐடியைத் தூக்கிப்போட்டுப் புதிதாக ஒன்றைச் சூட்டின. ஒரே அஞ்சல் இரண்டு கேட்வே வழியாக நுழைந்தால் இரண்டு ஐடி, இரண்டு செய்தி. எந்த ஹிஸ்டரி கோப்பாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அஞ்சலின் ஐடியை அப்படியே வைத்திருந்தால் இரண்டாவது பிரதி அடுத்த சர்வரிலேயே நின்றிருக்கும்.