ஒரு கப்புக்கு எத்தனை கிராம் என்று கேட்ட தங்கைக்கு

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, அம்மா சொல்லும் பக்குவமெல்லாம் டம்ளர் கணக்கில் இருக்கிறது, இங்குள்ள குறிப்புகளெல்லாம் கிராமில் இருக்கின்றன, ஒரு கப்புக்கு எத்தனை கிராம் என்று வைத்துக்கொள்வது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி கிடைக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் 1999-இல் அதே கேள்விக்குக் கிடைத்த தவறான பதிலால் என் மகளின் முதல் பிறந்தநாள் கேக்கே பாழானது.

பக்கத்து வீட்டு அம்மையார் தந்த குறிப்பு மிக எளியது: மாவு, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றும் 250 கிராம், 4 முட்டை. என்னிடம் தராசு இல்லை. எனக்கு முன்பே வந்து குடியேறிய ஒரு குடும்பத்தினர் எழுதிக் கொடுத்த தாளில் "ஒரு கப் = 250 கிராம்" என்று இருந்ததை நம்பி, மூன்றையும் ஒவ்வொரு கப் போட்டேன். அந்தக் கணக்கு தண்ணீருக்குத்தான் பொருந்தும். அதே கப்பில் மைதா 130 கிராம் அளவுக்கே நிற்கும். சர்க்கரை 200-க்குச் சற்று மேலே வரும். வெண்ணெயோ ஏறக்குறைய முழு எடைக்கு வந்துவிடும். பாதி மாவில் வெண்ணெய் பொங்கி வழிய, கேக் நடுவில் குழிந்து போயிற்று. அந்தத் தாள் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் மனத்தாங்கல். இருபது ஆண்டு இங்கே வாழ்ந்தவர்கள்கூடச் சோதித்துப் பார்க்காமல் புதிதாக வருகிறவர்களிடம் அதை நீட்டுகிறார்கள்.

கப் என்பதும் ஒரே அளவு அல்ல. அமெரிக்கக் குறிப்பில் அது சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பில் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மட்டுமே. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற பல இடங்களில் 15. ஆகவே எந்த அட்டவணையையும் நம்பாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரைத் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வரும் கிராமே அதன் மில்லி. என் டம்ளர் 210. பிறகு டம்ளரை நன்றாகத் துடைத்துவிட்டு அரிசி, உளுந்து, ரவை என்று ஒவ்வொன்றையும் தலைதட்டி நிறுத்து எழுதி வையுங்கள். அதில் அரிசி 175, உளுந்து 178. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நாலுக்கு ஒன்று என்ற இட்லிக் கணக்கை எடையிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவலுக்கு அது செல்லாது. அரிசியின் பாதி எடைதான் இருக்கும். மாவு எல்லாவற்றையும்விட ஏமாற்றும்: சலித்துத் தளர்வாக இட்டால் 105, பைக்குள் டம்ளரை அமுக்கி அள்ளினால் 140. உப்பிலும் கவனம் தேவை. ஒரு தேக்கரண்டித் தூளுப்பு 6 கிராம். கல்லுப்போ பரல்களுக்கு இடையே காற்று நிற்பதால் அதே கரண்டியில் குறையும்.

நான் இப்போது எல்லாவற்றையும் கிராமிலேயே செய்கிறேன், அதிரசப் பாகு உட்பட. என் மகளுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். "கண்ணளவே போதும், தராசு எதற்கு" என்று சொல்லும் நம்மவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கண் முப்பது ஆண்டு ஒரே பாத்திரத்தில், ஒரே கடை அரிசியில் பழகிய கண்.

அம்மா இங்கே வந்திருந்த கோடையில் அடைக்கு ஊறவைக்க "ரெண்டு கை உளுந்து" என்றார். ஒவ்வொரு கையாக என் தராசில் போடச் சொன்னேன். முதல் கை 49 கிராம், அடுத்தது 50. சந்தேகப்பட்டு மூன்றாவதும் கேட்டேன், மீண்டும் 49. என் நோட்டில் அடைப் பக்கத்தில் உளுந்துக்கு நேரே 99 கிராம் என்றுதான் இன்றும் இருக்கிறது. அதை 100 ஆக்க எனக்கு மனம் வரவில்லை.