நியூயார்க் நகரின் சுரங்க ரயிலான சப்வேயில் ஆர்-32 ரயில் பெட்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது எப்படி? அவ்வளவு நல்ல வடிவமைப்பா?

நல்ல வடிவமைப்புதான். ஆனால் முழுப் பெருமையையும் அதற்கே கொடுத்துவிட முடியாது. பாதிப் பெருமை எவர்சில்வர் உடம்புக்கு. மீதிப் பாதி, அதற்குப் பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொதப்பியதற்கு. ஆர்-32 ரசிகர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சில ஆண்டுகள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியிருந்தேன். அங்கே தடங்களுக்கு ஆங்கில எழுத்துகளும் பெயர். எங்கள் பக்கம் ஓடியது சி ரயில், அதில் பெரும்பாலும் இந்தப் பெட்டிகள்தான். ரயில் பைத்தியம் எனக்கு முன்பே உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நியூயார்க்கில் சப்வே பெட்டிகளுக்கு அவற்றை வாங்கிய ஒப்பந்தத்தின் எண்ணே பெயர். 32-ஆம் எண் ஒப்பந்தத்தில் வந்ததால் இது ஆர்-32. 1964-65-இல் பிலடெல்பியாவின் பட் கம்பெனி 600 பெட்டிகள் செய்து கொடுத்தது. ஒவ்வொன்றும் 60 அடி நீளம், 10 அடி அகலம். இரண்டிரண்டாக நிரந்தரமாகப் பிணைத்து ஓட்டினார்கள். பேட்டரி, காற்றழுத்தி போன்ற கருவிகளை ஜோடியில் ஒன்றில் இது, மற்றதில் அது என்று பங்கு போட்டு வைத்ததால் செலவும் மிச்சம், எடையும் மிச்சம். 1964 செப்டம்பர் 9 அன்று கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கே ஒரு ரயிலைக் கொண்டுவந்து பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். அது சப்வேயின் நிலையமல்ல, வெளியூர் ரயில்கள் வரும் இடம். அவ்வளவு பெருமை! அடுத்த வாரமே பயணிகளோடு ஓடத் தொடங்கியது. நெளிநெளியாக மின்னும் உடம்பு, நீலக் கதவுகள். 'பிரைட்லைனர்' என்ற பெயர் வந்தது அந்த மினுமினுப்பால்தான்.

அதுவரை நியூயார்க்கில் மொத்தமாக வாங்கிய பெட்டிகளெல்லாம் சாதாரண எஃகில் செய்து பெயின்ட் அடித்தவை. பெயின்ட் உரியும், ஓரங்களில் துரு ஏறும், திரும்பவும் அடிக்க வேண்டும். எவர்சில்வர் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் முன்பே செய்யவில்லை? வெல்டிங்தான் சிக்கல். எவர்சில்வரைச் சாதாரண முறையில் சூடாக்கி ஒட்டினால், இணைப்பைச் சுற்றி உலோகத்திலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும். துருவைத் தடுக்கும் வேலைக்கு அது மிஞ்சாது. கடைசியில் ஒட்டிய இடத்திலேயே துரு பிடிக்கும். பட் கம்பெனியின் பொறியாளர் ஏர்ல் ராக்ஸ்டேல் 1930-களில் இதற்கு வழி கண்டார். மிக அதிக மின்சாரத்தை நொடியின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் பாய்ச்சி, உலோகம் கெடுவதற்குள் வேலையை முடித்துவிடுவது. 'ஷாட்வெல்ட்' என்று அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள்.

நியூயார்க்கில் பட் இதை முன்பே காட்டியும் இருந்தது. 1934-இல் ஒரு சோதனை ரயில், 1949-இல் ஆர்-11 என்று 10 பெட்டிகள். அந்தப் பத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 10 லட்சம் டாலர் ஆனதால் அதை 'மில்லியன் டாலர் ரயில்' என்றே கூப்பிட்டார்கள். அந்த விலையில் யார் நூற்றுக்கணக்கில் வாங்குவார்கள்? 1960-களில் 600 பெட்டிகளுக்கான டெண்டர் வந்தபோதுதான் பட் போட்டி விலைக்கு இறங்கிவந்தது.

அந்த உடம்பின் சூட்சுமம் மெல்லிய தகட்டில் இருக்கிறது. எவர்சில்வருக்கு வலு அதிகம், துருவுக்கென்று கூடுதல் கனம் வைக்கவும் வேண்டியதில்லை. முந்தைய வகையோடு ஒப்பிட்டால் பெட்டிக்குச் சுமார் 4,000 பவுண்டு, அதாவது 1,800 கிலோ குறைந்தது. பத்துப் பெட்டி ரயிலில் 18 டன். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று கிளம்பும் வண்டிக்கு இது மின்கட்டணத்தில் தெரியும். பக்கவாட்டு நெளிவுகளும் வெறும் அழகுக்கு அல்ல. அப்பளம் போன்ற மெல்லிய தகட்டைச் சமமாக விட்டால் வளையும், வெளிச்சம் பட்டால் அலை அலையாகத் தெரியும். நெளித்துவிட்டால் விறைப்பும் வருகிறது, கோணலும் மறைகிறது.

பயணியாக எனக்குப் பிடித்தது வேறு. ஓட்டுநர் அறை முன்பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் இருக்கும். நடுவில் ஜன்னல் வைத்த கதவு. அந்த ஜன்னலோரம் நின்றால் சுரங்கம் முழுக்கக் கண்முன் வரும். சிக்னல்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர்களும் கூச்சமில்லாமல் அந்த இடத்துக்குப் போட்டி போடுவார்கள். நானும்தான். புதிய ரயில்களில் ஓட்டுநர் அறை முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டதால் இது போய்விட்டது. பாதுகாப்புக்கு அதுதான் சரி என்று தெரிந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

1970-களும் 80-களும் நியூயார்க் சப்வேக்குக் கெட்ட காலம். பணமில்லை, பராமரிப்பில்லை, உள்ளும் புறமும் கிறுக்கல். ஆர்-32-ம் தப்பவில்லை. 1988-90-இல் அநேகமாக எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் புதுப்பித்தார்கள். பெரும்பகுதி வேலை நியூயார்க் மாநிலத்தின் ஹார்னெல் ஊரில் மாரிசன்-நட்சன் கம்பெனியில் நடந்தது. வெறும் மின்விசிறியோடு பிறந்த பெட்டிகள் ஏசி பெற்றது அப்போதுதான். நீண்ட ஆயுளுக்கு வித்திட்டது இந்தப் புதுப்பிப்பு என்பேன். ஓடு மட்டும் உறுதியாக இருந்து உள்ளிருப்பது செத்துப்போனால் பயனில்லை.

இனி மறுபாதி. 1970-களில் வந்த ஆர்-44, ஆர்-46 இரண்டும் 75 அடி நீளப் பெட்டிகள், நவீனக் கருவிகள் நிறைந்தவை. ஆர்-46-இல் பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களிலேயே விரிசல் விழுந்தது. 2000-களில் ஆர்-160 என்ற புது வகை 1,662 பெட்டிகள் வந்தபோது, ஆர்-32 உட்படப் பழைய 60 அடிப் பெட்டிகள் எல்லாவற்றையும் கழித்துவிடுவதுதான் திட்டம். பாதிக்கு மேல் கழித்தும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்து 2009 கடைசியில் ஆர்-44-களின் சட்டகத்தில் பழுது கண்டுபிடித்தார்கள். அதன் கட்டுமானம் சாதாரண எஃகு, அரித்துப்போயிருந்தது. இளையவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூத்தவனையே வேலையில் வைத்துக்கொண்டார்கள். 222 ஆர்-32 பெட்டிகள் பிழைத்தது இப்படித்தான்.

அவற்றுக்கு மாற்றாக 2012-இல் கனடாவின் பம்பார்டியர் கம்பெனிக்குக் கொடுத்த ஆர்-179 ஆர்டர் தாமதத்துக்கு மேல் தாமதமாகி, 2017 டிசம்பர் கடைசியில்தான் முதல் ரயில் பயணிகளை ஏற்றியது. அதுவரை கிழவர்கள்தான் இழுத்தார்கள்.

அந்தக் கடைசிப் பத்தாண்டை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையில் ஆர்-32 ஓடிய சராசரித் தூரம் 30,000 மைலை ஒட்டித்தான் இருந்தது. மொத்த சப்வேயின் சராசரி லட்சம் மைலுக்கு மேல். ஏசி இன்னொரு தலைவலி. சி ரயிலின் தடம் முழுக்கத் தரைக்கு அடியில். வெளியே தள்ளும் வெப்பம் சுரங்கத்துக்குள்ளேயே சுற்றிவர, பழைய ஏசி மூச்சுத் திணறும். அதனால் கோடைக்காலத்தில் இவற்றை வெட்டவெளியிலும் ஓடும் ஏ, ஜே தடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். எந்தப் பெட்டிக்கு எந்த வெயில் ஒத்துவரும் என்று பார்த்து வண்டி ஓட்ட வேண்டிய நிலை!

கழித்த பெட்டிகள் சிலவற்றின் கதையும் சுவையானது. மீன்கள் தங்கும் செயற்கைப் பாறைத்திட்டுகளாக அட்லாண்டிக் கடலில் சப்வே பெட்டிகளைத் தள்ளுவது 2001-இல் தொடங்கியது. முதலில் போனவை 'ரெட்பேர்ட்' என்ற சாதாரண எஃகுப் பெட்டிகள். அவை கடலடியில் நன்றாகவே நின்றன. பின்னால் போன எவர்சில்வர் பெட்டிகளோ நியூஜெர்சி கடலில் மாதக்கணக்கிலேயே சரிந்துவிட்டன. அந்த மாநிலம் 'இனி வேண்டாம்' என்று நிறுத்திக்கொண்டது. தரைமேல் அவ்வளவு உழைத்த மெல்லிய தகடு அலையின் அடிக்குத் தாங்கவில்லை.

2020 தொடக்கத்தில் எஞ்சிய ஆர்-32 பெட்டிகளை ஓரங்கட்டினார்கள். ஜூனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆர்-179 ரயில் இரண்டாகப் பிரிந்துபோனது. அந்த வகை முழுவதையும் நிறுத்திச் சோதிக்க வேண்டியதாயிற்று. ஜூலையில் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஆர்-32-ஐத்தான். ஜே தடத்தில் இன்னும் சில மாதங்கள் ஓடியது. அதன்பின் நியூயார்க் டிரான்சிட் மியூசியம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிவு உபசாரப் பயணங்கள் நடத்தியது. 2022 ஜனவரி 9 கடைசி ஓட்டம்.

"இன்னும் ஓட்டியிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: ஓடு தாங்கியிருக்கும். ஆனால் முக்கியத் தடங்கள் கணினி வழிச் சிக்னலுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. 1964-இல் வடிவமைத்த வண்டியில் அந்தக் கருவிகளைப் பொருத்த ஆகும் செலவுக்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம் என்பது என் கணிப்பு.