ஏழு மாதமாக வேலை தேடுகிறேன். ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 17 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். மருத்துவக் கருவித் துறைக்கு மாறலாம் என்று வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. நேர்காணல் வரை போகிறேன். "துறை அனுபவம் இல்லை" என்று அங்கேயே முடிந்துவிடுகிறது. கணவர் சம்பளம் வீட்டுச் செலவில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் தாங்குகிறது. வீட்டுக் கடன் வேறு ஓடுகிறது. சேமிப்பு இன்னும் ஆறு மாதத்துக்கு வரும். ஓராண்டு டிப்ளமோ படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கட்டணம் எங்கள் ஒரு மாதச் செலவைவிடக் கொஞ்சம் அதிகம். ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டலாமா? இல்லை, பேசாமல் பழைய துறைக்கே போய்விடலாமா?

பதில்: டிப்ளமோவுக்காக அந்தப் பணத்தை இப்போது தொட வேண்டாம். பழைய துறைக்குத் திரும்புவதை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தேதியில் முடிவு செய்வீர்கள் என்பதை இன்றே குறித்துவிடுங்கள்.

சேமிப்பு ஆறு மாதம் வரும் என்றால் ஆறு மாதம் தேடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. முதல் நேர்காணல், அடுத்த சுற்று, ஆஃபர், பணியில் சேருவது, அப்புறம் முதல் சம்பளம் கணக்கில் விழுவது என்று இரண்டு மூன்று மாதம் சாதாரணமாகப் போய்விடும். ஆகவே நிம்மதியாகத் தேட உங்களிடம் இருப்பது மூன்று மாதம்தான். அதை நீட்ட முடியுமா?

வீட்டுச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். கணவர் சம்பளம் 45. மீதி 55 மாதாமாதம் சேமிப்பிலிருந்து போகிறது. கையில் 330 இருப்பதால் ஆறு மாதம். செலவை 85-க்குக் கொண்டுவந்தால் பற்றாக்குறை 40 ஆகும். அதே பணம் எட்டு மாதத்தைத் தாண்டும். கூடவே மாதம் 10 தரும் ஒரு பகுதிநேர வேலை அமைந்தால் பற்றாக்குறை 30. 11 மாதம் வரும். 15 குறைப்பது சுலபமில்லைதான். எங்கே குறைப்பது என்பதைக் கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், தனியாக வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை வரும் காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றையும் 12-ஆல் வகுத்து அந்த 100-க்குள் சேர்த்தீர்களா என்று பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இனி டிப்ளமோவைப் பாருங்கள். கட்டணத்தை ஓய்வுக்காலப் பணத்திலிருந்து கட்டினாலும் படிப்பு 12 மாதம். சிக்கனமாக இருந்து, பகுதிநேர வருமானமும் வந்தால்கூட உங்கள் பணம் 11 மாதம். சான்றிதழ் கைக்கு வருவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலை தேடலே தொடங்கும். எடுக்கிற பணமும் சின்னதில்லை. ஆண்டுக்கு 8% வளர்ச்சி என்றால் 18 ஆண்டில் பணம் நான்கு மடங்காகும். இன்று 110 எடுத்தால், 61 வயதில் 440 குறையும்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவர்கள் இல்லை என்றது அனுபவத்தை, படிப்பை அல்ல. உங்களை நிராகரித்த இடங்களில் ஒன்றுக்காவது எழுதி, "எது இருந்திருந்தால் எடுத்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 தரமுறையில் பழகியவராக இருப்பீர்கள். மருத்துவக் கருவிகளுக்கு அந்த இடத்தில் ஐஎஸ்ஓ 13485 இருக்கிறது. தணிக்கை, ஆவணம், குறை கண்டால் காரணம் தேடித் திருத்துவது எல்லாம் இரண்டிலும் உண்டு. அதற்கான தணிக்கையாளர் பயிற்சி சில நாள்களில் முடிந்துவிடும். அது போதும் என்று அவர்கள் சொன்னால் அதை மாதச் செலவிலிருந்தே கட்டிவிடலாம். டிப்ளமோதான் வேண்டும் என்றால், வேலையில் சேர்ந்தபின் மாலை வகுப்பாகப் படிக்க வழி உண்டா பாருங்கள். இரண்டு துறைக்கும் பாகங்கள் செய்து தரும் சப்ளையர் நிறுவனங்களிலும் முயன்று பாருங்கள். அங்கே உங்கள் 17 ஆண்டுக்கு மதிப்பு இருக்கும்.

திரும்புவது பற்றி ஒன்று. அமெரிக்காவில் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. வேலையில்லாத காலம் நீள நீள, முதல் எட்டு மாதம் வரை அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன. பிறகு பெரிதாகக் குறையவில்லை. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். பழைய துறையில் மூன்று நான்கு மாத ஒப்பந்த வேலை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அது தோல்வி கிடையாது. வேலையில்லாத இடைவெளியும் அடைபடும், பற்றாக்குறையும் குறையும். நிரந்தர வேலைக்குத் திரும்புவதா என்ற முடிவை, சேமிப்பு மூன்று மாதச் செலவுப் பற்றாக்குறை அளவுக்கு இறங்கும் தேதிக்குத் தள்ளிவையுங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டால் தினமும் இரவு அதையே யோசிக்க வேண்டியிருக்காது.

புதிய துறையில் சம்பளம் குறையலாம். 30% குறைவாகச் சேர்ந்தால் பழைய அளவைத் தொட 43% உயர வேண்டும். ஆண்டுக்கு 8% உயர்வு என்றால் ஏறக்குறைய ஐந்து ஆண்டு. அதனால் வீட்டுச் செலவைப் பழைய சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி திரும்ப ஏற்றிவிடாதீர்கள்.

கடன் தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறும் முன்பே வங்கியிடம் பேசுங்கள். தவறிய பின் பேசுவது கடினம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்ட வேண்டாம். மாதம் 3% வட்டி, கூட்டு வட்டியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 43% ஆகிவிடும். பழைய நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போயிருந்தால், செலவைக் குறைப்பதற்காகப் புதிய பாலிசி எடுப்பதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஆஃபர் வரும்போது சம்பளத்தோடு, முதல் சம்பளத் தேதியையும் காப்பீடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.