கேள்வி – பதில்: கோர்ஸா, பாஸுக்குப் பின்னால் போவதா?

கேள்வி: மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். கண்டியில் மூன்று மாத எலக்ட்ரீஷியன் கோர்ஸ் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. எங்களுக்குத் தெரிந்த வயரிங் பாஸ் (மேஸ்திரி) ஒருவரோ, "காசு கட்டிப் படிக்க வேண்டாம், என்னோடு அனுப்புங்கள், ஆறு மாதத்தில் வேலைக்காரன் ஆக்கிவிடுகிறேன்" என்கிறார். எதைக் கேட்பது? – வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டும் வேண்டும். எது முதலில் என்பதுதான் விஷயம். நாலைந்து மாதம் பாஸோடு போகட்டும், பிறகு வகுப்பில் உட்காரட்டும். வயர் செல்லும் கொண்டுயிட் குழாயைக் கையில் எடுத்தே பார்க்காத பையனுக்குப் பலகையில் வரையும் சர்க்கிட் வெறும் கோடுதான். பதினெட்டு வயது ஆகும்வரை கரண்ட் உள்ள வயரில் அவன் கை படக் கூடாது என்பதை மட்டும் பாஸிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சுவரைக் கொத்தி 20 மில்லிமீட்டர் குழாய் பதிப்பது, வளைவில் சிக்காமல் வயர் இழுப்பது, ஏணியில் நின்றபடி சீலிங் ரோஸ் (கூரையில் லைட் வயர் இணையும் மூடி) முடிப்பது இதெல்லாம் செய்து செய்துதான் கைக்கு வரும். ஒன்றைப் பாருங்கள். ப்ளக் பொயிண்டுக்கு இழுக்கும் 7/0.67 வயரில் 0.67 மில்லிமீட்டர் கம்பிகள் ஏழு, சேர்ந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர். பிளேடைச் செங்குத்தாக வைத்துச் சுற்றினால் உறையோடு ஒன்றிரண்டு கம்பியிலும் வெட்டு விழும். பென்சில் சீவுவது போலச் சாய்த்துச் சீவ வேண்டும். ஏழையும் முறுக்கி, நுனியை மடித்து, ஸ்க்ரூவுக்குள் விட்டு இறுக்கி, பிறகு வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி இழுப்பை விட்டுவிட்ட வீட்டில், ஹீட்டர் பாவிக்க ஆரம்பித்துச் சில மாதத்தில் சொக்கட் கறுத்து, மீன் வாடை போல ஒரு நாற்றம் வரும். தளர்ந்த இணைப்பில் தடை கூடிச் சூடாகிறது. சூட்டில் செம்பு விரிந்து சுருங்கி இன்னும் தளர்கிறது. கரண்டின் அளவு கூடாததால் எம்.சி.பி. (அளவு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. ஆகவே யாருக்கும் தெரியவும் வராது. நல்ல பாஸ் இந்த இழுப்பை அடித்துத் திருத்தியாவது பழக்கிவிடுவார்.

ஆனால் அவரிடம் அநேகமாக வயர் உறையில் கசிவு உண்டா என்று அளக்கும் மெகர் இருக்காது, எர்த் கம்பியின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டரும் இருக்காது. லைட் எரிந்தால் வேலை முடிந்தது என்று பையைக் கட்டும் இடம் அது. பையன் கோர்ஸுக்குப் போக வேண்டியதே இதற்காகத்தான்.

ட்ரிப் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். லைவில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் வேறுபட்டால், அதாவது எங்காவது கசிந்தால், விழும் சுவிட்ச் அது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துகிறோம், டக்கென்று விழுகிறது, "எர்த் நல்லா இருக்கு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். தவறு. அந்தப் பட்டன் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சிறிய தடை வழியாகக் கரண்டைச் சுற்றவிட்டு லைவுக்கும் நியூட்ரலுக்கும் வித்தியாசம் காட்டுகிறது. எர்த் வயரை அது தொடுவதே இல்லை. எர்த் கம்பியே இறக்காத வீட்டிலும் பட்டன் வேலை செய்யும். அப்படிப்பட்ட வீட்டில் ஹீட்டரின் உடம்புக்குக் கரண்ட் வந்தால் சுவிட்ச் விழாமல் காத்திருக்கும். ஈரக் காலோடு யாராவது தொடும்போது, அந்த ஆள் வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும்.

எங்கள் மலைப்பக்கத்தில் எர்த் கம்பிக்கு இன்னொரு தலைவலி உண்டு. இரண்டு அடி இறங்கியதும் பாறை தட்டும். மிச்சத்தை வெட்டிவிட்டு மண்ணை மூடிவிடுகிறார்கள். ஆழம் குறையக் குறையத் தடை கூடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்கு, தொடும் மின்னழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்தால், கணக்குப்படி (50ஐ 0.03ஆல் வகுத்தால்) எர்த்தின் தடை 1,666 ஓம் வரை போகலாம். ஆனால் 200 ஓமுக்கு மேலே போன எர்த்தை நம்ப முடியாது. மண் காய்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பாறை தட்டினால் இடத்தை மாற்றுங்கள், அல்லது இரண்டு கம்பியை ஒரு கம்பி நீளமாவது தள்ளி இறக்கிச் சேருங்கள். அளப்பதும் மண் காய்ந்திருக்கும் மாதத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட். கொழுந்துக்கு வாசனை ஏறும் மாதங்கள் என்று சொன்னால் தோட்டத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும்.

கணக்கு தெரியாமல் நடக்கும் இன்னொரு பிழை சுடுதண்ணீர் ஷவர். குளிருக்கு 5,500 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கி வந்து, பக்கத்திலுள்ள ப்ளக் பொயிண்டில் கொடுத்துவிடுகிறார்கள். 5,500ஐ 230ஆல் வகுத்தால் 23.9 அம்பியர், 13 அம்பியர் ப்ளக் எப்படித் தாங்கும்? மெயின் போர்டிலிருந்து தனியாக 7/1.04 வயர், அதற்கு 32 அம்பியர் எம்.சி.பி., குளியலறைக்கு வெளியே லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்ச் என்று போக வேண்டும். அதோடும் முடியவில்லை. சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர். ஷவர் ஓடும்போது சமையலறையில் 2,000 வாட் கேத்தல் போட்டால் இன்னும் 8.7 அம்பியர், மொத்தம் 32.6, இணைப்பின் அளவைத் தாண்டிவிடும். ஆகவே வீட்டுக்காரரிடம் 3,500 வாட் ஹீட்டரை வாங்கச் சொல்லத் தெரிய வேண்டும்.

கோர்ஸுக்குக் காசு கட்டுமுன் நேரில் போய் நான்கு விஷயம் கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா? கோர்ஸ் முடிவில் தருவது என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழா, அவர்களே அச்சடித்த கடதாசியா? மெகரும் எர்த் டெஸ்டரும் எத்தனை, அதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்களா, மேசையில் வைத்துக் காட்டுவார்களா? எந்த மொழியில் படிப்பிப்பார்கள்? மூன்று மாதத்தில் என்.வி.கியூ. நான்கு தருகிறோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாம் மட்டம் என்பது மேற்பார்வையோடு வேலை செய்யக் கூடியவர். நான்காம் மட்டம் என்பது தனியே பொறுப்பெடுக்கக் கூடிய முழுக் கைவினைஞர். இரண்டுக்கும் இடையில் வேலைத்தளத்தில் கழிந்த காலம் இருக்க வேண்டும். மொழி பற்றிய கேள்வியையும் சும்மா விடாதீர்கள்: தமிழில் படித்தாலும், சாமான் கடையிலும் சைட்டிலும் புழங்கும் சிங்களச் சொற்கள் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹட்டனிலேயே தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் உண்டு. கண்டிக்கு பஸ் ஏறுமுன் அங்கே விசாரியுங்கள். நைட்டா (தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) மூலம் தொழில் பயிலுநராகச் சேர்ந்தால் வேலைத்தளமும் படிப்பும் ஒன்றாகவே கிடைக்கும். கிடைத்தால் அந்த வாய்ப்பை நழுவ விட வேண்டாம்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாக ஒன்பது வருடம். மோட்டார் கழற்றுவேன், ஸ்டார்ட்டர் மாற்றுவேன். சான்றிதழ் ஒன்றும் இல்லை. வெளிநாடு போக நினைக்கிறேன். முதலிலிருந்து கோர்ஸ் படிக்க வேண்டுமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டியதில்லை. செய்து பழகிய வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். நைட்டாவின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். சேவைக் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். மதிப்பீட்டாளர் வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வியும் கேட்பார்.

கேள்வியில்தான் அனுபவசாலிகள் மாட்டுகிறார்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் தொடங்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) ஒன்றைக் காட்டி, "ஓவர்லோடை (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் பகுதி) எவ்வளவில் வைப்பீர்கள்?" என்று கேட்டால் மோட்டார் தகட்டைப் பார்த்து அதே எண்ணைச் சொல்லிவிடுவார்கள். 15 கிலோவாட் மோட்டார் 400 வோல்ட்டில் ஏறக்குறைய 28 அம்பியர் இழுக்கும். ஆனால் ஓவர்லோட் பெரும்பாலும் மெயின் கொண்டாக்டருக்கு (மோட்டாருக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்ச்) கீழே, மோட்டாருக்குப் போகும் வயரில் இருக்கிறது. டெல்டாவில் ஓடும்போது அந்த வயரில் போவது முழு அளவு இல்லை, அதன் 0.58 பங்குதான்: 16 அம்பியர். அங்கே 28இல் வைத்தால் மோட்டார் கருகும்வரை ஓவர்லோட் சும்மா இருக்கும். ஆகவே திருகுமுன் அது எந்த வயரில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அதேபோல ஸ்டாரில் தொடங்கும்போது கரண்ட் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சுழற்றும் விசையும் மூன்றில் ஒன்றுதான் என்பதைப் பலர் மறக்கிறார்கள். பாரத்தோடு நிற்கும் மெஷின் ஸ்டாரில் உறுமிக்கொண்டு நிற்பது அதனால்தான். டெல்டாவுக்கு மாற்றும் டைமரை நீட்டினால் சரியாகாது, சூடுதான் ஏறும்.

இன்னொன்று: தொழிற்சாலையில் மட்டும் வேலை பார்த்தவருக்கு வீட்டு வயரிங் கை கூடாமல் இருக்கும். மதிப்பீட்டுக்கு முன் இரண்டு மாதம் யாராவது பாஸோடு ஞாயிறுகளில் போய்வாருங்கள்.

கேள்வி: தொழிலுக்கு இறங்கும் தம்பிக்கு முதலில் என்ன சாமான் வாங்கிக் கொடுக்கலாம்? – வாசகி, பண்டாரவளை

பதில்: உறையிட்ட பிடியுள்ள பிளையர், சைட் கட்டர், மூன்று அளவில் ஸ்க்ரூ டிரைவர், வயர் சீவும் கருவி, நல்ல மல்டிமீட்டர் ஒன்று. மீட்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கேட் மூன்று (CAT III, பாதுகாப்பு வகுப்பு), 600 வோல்ட் என்று அதில் போட்டிருக்க வேண்டும்.

பலரும் நம்பியிருக்கும் லைட் எரியும் டெஸ்டரைத் தம்பி பையில் வைத்திருக்கட்டும், கரண்ட் இல்லை என்று முடிவெடுக்க அதைப் பாவிக்க வேண்டாம். காய்ந்த பலகையில் நின்றால் கரண்ட் இருந்தும் எரியாது. பக்கத்து வயரின் தூண்டலால் கரண்ட் இல்லாமலும் மின்னும். இரண்டு முனையுள்ள டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான பொயிண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யும் இடத்தில் லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மறுபடி அந்த முதல் பொயிண்டுக்கு வர வேண்டும். இடையில் டெஸ்டரே செத்திருக்கலாம்.