கிட் பிராஞ்ச்ல பெரிய பைல்: கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

கழக்கூட்டம் டெக்னோபார்க்ல வேல பாக்கேன், இப்போ ஓண லீவு, வீட்ல தான் இருக்கேன். கிட் (பைல்ல பண்ணுத மாத்தத்த எல்லாம் பதிஞ்சு வைக்குத டூல்), எல்எஃப்எஸ் (அதுல பெரிய பைல தனியா வைக்குத வசதி) பத்தி கேளுங்க. கேள்விக்கு முன்னால இருக்கது கேட்டவங்க ஊரு.

மார்த்தாண்டம்: அக்கா, தனி பிராஞ்ச்ல (மெயின தொடாம வேல பாக்குத கிளை) 140 எம்பி வீடியோ கமிட் ஆயிட்டு (பதிவாயிட்டு). அடுத்த கமிட்லயே டெலீட் பண்ணியாச்சு, இருந்தும் கிட்ஹப் (கிட் வேலைய ஏத்தி வைக்குத சைட்) புஷ்ஷ, அதாவது ஏத்துறத, வாங்க மாட்டேங்குது?

பதில்: டெலீட் ஆனது கடைசி கமிட்ல தான தம்பி, முந்தின கமிட்ல வீடியோ அப்படியே கெடக்கு, புஷ் பண்ணா அதுவும் சேந்து தான் போகும். 50 எம்பி தாண்டினா எச்சரிக்கும், 100 தாண்டினா வாங்கவே செய்யாது. வீடியோவுக்கு முந்தின கமிட்டுக்கு சாஃப்ட் ரீசெட் (பைல தொடாம கமிட்ட மட்டும் பின்னால கொண்டு போறது) போட்டு, மிச்சத்த ஒரே கமிட்டா போட்டுரு, தீந்துச்சு.

பாறசாலை: எல்எஃப்எஸ் ட்ராக் (இந்த வகை பைல எல்எஃப்எஸ்ல வைன்னு சொல்லுதது) குடுத்தும் ரீபோ (புராஜெக்ட் முழுசும் இருக்க கிட் கிடங்கு) சைஸ் கொறயலயே?

பதில்: ட்ராக் இனிமே வாறதுக்கு மட்டும் தாங்க. பழைய கமிட்ல இருக்கத எல்எஃப்எஸ்க்கு மாத்த 'மைக்ரேட் இம்போர்ட்', கூட 'எவ்ரிதிங்' சேத்தா தான் எல்லா பிராஞ்சும் மாறும். ஆனா கமிட் ஹாஷ் (கமிட்டோட அடையாள எண்) எல்லாம் புதுசாயிரும், டீம்ல எல்லாரும் திரும்ப குளோன் (ரீபோவோட முழு நகல்) எடுக்கணும், அதனால வெள்ளிக்கிழம சாயங்காலம் இந்த வேலைய தொடாதீங்க. இன்னொண்ணு, எந்த வகை பைல் எல்எஃப்எஸ்க்கு போகணும்னு எழுதி வைக்குத கிட்அட்ரிபியூட்ஸ் பைலும் பிராஞ்சோட போறது தான். அத மெயின்ல போட்டுட்டு அப்புறம் பிராஞ்ச் எடுங்க, இல்லேன்னா பழைய பிராஞ்ச்ல இருக்கவரு பிஎஸ்டிய (போட்டோஷாப் பைல) முழுசா உள்ள தள்ளிருவாரு.

பேச்சிப்பாறை: இங்க நெட் ரொம்ப மோசம், பிராஞ்ச் மாறினாலே டவுன்லோட் ஓடுது.

பதில்: 'கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்', அதோட 'ஸ்கிப் ஸ்மட்ஜ்' குடுங்க, அப்புறம் பெரிய பைலுக்கு பதிலா பாயிண்டர் (அசல் பைல் எதுன்னு காட்டுத சின்ன டெக்ஸ்ட் பைல்) தான் வரும். வேணுங்கிற போல்டர மட்டும் 'எல்எஃப்எஸ் புல்', 'இன்க்ளூட்' போட்டு எடுத்துக்கிடுங்க. அந்த பாயிண்டர நோட்பேட்ல தொறந்து பாருங்க, வெர்ஷன், ஷா256 (பைலோட அடையாள எண்), சைஸ், மூணே வரி. இத போட்டோஷாப்ல தொறந்துட்டு பைல் கரப்ட்னு குரூப்ல கூப்பாடு போடுதவங்க நெறய பேரு!

களியக்காவிளை: ரெண்டு பேரு ரெண்டு பிராஞ்ச்ல ஒரே பிஎஸ்டிய மாத்திட்டோம், மெர்ஜ் எப்படிக்கா?

பதில்: மெர்ஜ்லாம் நடக்காது. 'அவர்ஸ்' (நம்மளது) இல்லேன்னா 'தேர்ஸ்' (அவங்களது), ஒண்ண தான் எடுக்க முடியும், ஒருத்தரு மாத்தினது போயிரும், அத கையால திரும்ப செஞ்சாகணும். இனிமே அந்த வகை பைல 'லாக்கபிள்'னு குறிச்சு வைங்க, லாக் எடுக்காதவங்களுக்கு ரீட் ஒன்லியா தான் இருக்கும். எனக்கு கேட்டா டிசைன் பைலுக்கு பிராஞ்சே வேண்டாம், ஒருத்தரு முடிச்சப்புறம் அடுத்தவரு தொட்டா போதும்.

மார்த்தாண்டம்: பிராஞ்ச அழிச்சா கிட்ஹப்ல எல்எஃப்எஸ் இடம் திரும்ப கெடைக்குமா?

பதில்: கெடைக்காது தம்பி. ரீபோவையே அழிச்சு புதுசா போட்டா உண்டு. பழைய எல்எஃப்எஸ் பைல அழிக்குத 'எல்எஃப்எஸ் ப்ரூன்' உன் லேப்டாப்ல மட்டும் தான் இடம் விடும்.