மலைக்காட்டில் உயரம் அளப்பது எப்படி?

கேள்வி: பொதிகை மலைக்கு வரைபடம் தயாரிக்கிறோம். உச்சியில் ஆண்ட்ராய்டு செல்பேசி 1,770 மீட்டர் என்கிறது. அச்சு வரைபடத்தில் 1,868. கருவி பழுதா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பழுதில்லை. அச்சு வரைபடத்தின் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணியது. ஜிபிஎஸ் எண்ணுவது, பூமிக்குப் பொருத்திய சற்றுத் தட்டையான கணிதக் கோளம் ஒன்றின் பரப்பிலிருந்து. நம் பக்கத்தில் புவியீர்ப்பு குறைவு என்பதால், கடல்மட்டம் அந்தப் பரப்புக்கு 90 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சில செயலிகள் இதைத் தாமே திருத்திவிடும். உங்களுடையது எந்த வகை என்று திருச்செந்தூர் கடற்கரையில் பார்த்துவிடுங்கள்: மைனஸ் 90-க்கும் கீழே காட்டினால் திருத்தவில்லை என்று பொருள். ஈஜிஎம் 2008 என்ற புவியீர்ப்பு மாதிரியில் அந்தந்த இடத்துக்கான வித்தியாசத்தை எடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்ஆர்டிஎம் என்ற விண்கல உயரத் தரவில் 20 மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடு வரைந்தால், ஓடை மேடேறி ஓடுகிறதே? (அதே வாசகர்)

அந்தத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. அலைநீளம் 5.6 சென்டிமீட்டர்தான். அடர்ந்த இலைக்கூட்டத்துக்குள் கொஞ்சம் நுழைந்து, தரையைத் தொடாமலே பெரும்பாலும் திரும்பிவிடும். சோலைக்காடு மடிப்புகளிலும் புல் மேட்டிலும் இருக்கிற மலையில், மரத்தலைகள் பள்ளத்தைத் தூர்த்துவிடுகின்றன. 30 மீட்டர் கட்டத்துக்குள் 5 மீட்டர் ஓடையும் காணாமல் போகும். எல்லா இடத்திலும் ஒரே அளவைக் கழித்தால் புல்வெளி குழியாகிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

வனத்துறை அனுமதியோடு ஓடை வழியே நடந்து அளப்பதே நல்லது. மரத்தடியில் ஜிபிஎஸ் உயரம் தாவும். அழுத்தம் குறைவதை வைத்து உயரம் சொல்லும் காற்றழுத்த உயரமானி வேண்டும். அதற்கும் ஒரு கோளாறு உண்டு. வெப்பமண்டலத்தில் காலை 10 மணியளவில் அழுத்தம் ஏறி, மாலை 4 மணியளவில் அதைவிட 3 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) வரை குறைந்துவிடும். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றாலும் கருவி 25, 30 மீட்டர் ஏறியதாகக் காட்டும். 20 மீட்டருக்கு ஒன்றாக வரையும் சமவுயரக் கோட்டில், ஒரு கோட்டுக்கும் மேலான பிழை அது.

ஆகவே இரண்டு உயரமானிகள் வேண்டும். உயரம் தெரிந்த பாறையில் இரண்டையும் சரிசெய்து, கடிகாரங்களையும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அங்கேயே உட்கார்ந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கட்டும். மற்றவர் ஓடைச் சங்கமம், அருவித் தலை, பாறைத்திட்டு என ஒவ்வோர் இடத்திலும் உயரத்தோடு நேரத்தையும் எழுதட்டும். பாறையில் இருந்த கருவி ஏறியதாகக் காட்டிய அளவை, மற்றவர் அதே நேரத்தில் எழுதிய உயரத்திலிருந்து கழியுங்கள். இடி மின்னலுடன் மழை திரளும் நாளில் அழுத்தம் இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறும். அன்று எடுத்ததைச் சேர்க்கவேண்டாம்.